வீடுகளுக்கு நடுவே ஒரு விமான நிலையம்

பசுபிக் சமுத்திரத்தின் கரையில், லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரை ஒட்டினாற்போல் அமைந்துள்ளது சாந்தா மொனிக்கா என்னும் சிறுநகர். அதனைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கடற்கரையில் உலாவி, கடலுள் நீண்டு செல்லும் மரத்துறையில் சிறிது நேரம் காற்று வாங்கித் திரும்பிவிடுவர். கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் உள்ளே வந்து, அந்நகரசபைக்குச் சொந்தமான விமான நிலையத்தைப் பார்ப்பவர் சிலரே. பகட்டாக அங்கு எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஒரேயொரு ஓடுபாதை, இருமருங்கும் விமானக் கொட்டகைகள், ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம், அவ்வளவே. ஆயினும் ஓடுபாதையின் முனைப்பக்கமாகச் சென்று நோக்குபவர் திடுக்கிடவே செய்வார். தளம் முடிந்து சில நூறு அடி செல்வதற்குள் வீடுகள் தொடங்கிவிடுகின்றன. முற்றத்துப் புற்றரை, பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல், வாசலில் நிறுத்திய மோட்டார் வண்டி எனச் சாதாரண மனிதர் வாழும் சாதாரண வீடுகள்.

என்னை அங்கு அழைத்துச் சென்றவன் அந்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் மகன். எங்கள் தலைக்கு மேலாக ஒரு சிறு விமானம் இரைந்துகொண்டு இறங்கியதும் அவன், “மாமா, இந்த வீட்டுக்காரர் எப்படி நித்திரை கொள்கிறார்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையைத் தேடப் புகுந்தால் அந்த விமான நிலையத்தின் சரித்திரம் முழுவதையும் சொல்லவேண்டி வரும்.

முதல் உலகப் போரில் உயிர் துறந்த குளோவர் என்னும் இளம் விமானவோட்டியின் பெயரால் 1923ஆம் ஆண்டில் அத்திடலுக்குக் குளோவர் களம் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி டக்ளஸ் கம்பனியார் செய்த நான்கு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டு, வடக்கே சியாற்றில் நகரை அடைந்து, ஏப்பிரில் மாதத்தில் உலகத்தைச் சுற்றும் பிரயாணத்தைத் தொடங்கின. முழுச் சுற்றையும் முடித்து அவ்வாண்டு செப்டெம்பரில் மீண்டவை இரண்டு. உலகை விமானத்தில் முதன்முதல் வலம் வந்த பெருமை அவற்றுக்கே உரியது.

நமக்கும் அந்த ஓடுபாதைக்கும் ஓர் உறவு உண்டு. 1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 17ஆந் திகதி டக்ளஸ் கம்பனியின் டி.சி.3 என்னும் விமானம் முதன்முதல் வானில் எழுந்தது அங்கேதான். அதற்கு மூன்று கிழமை முன்னர், நவம்பர் 27ஆந் திகதி, நமது இரத்மலானையில் முதலாவது விமானம் வந்து இறங்கியது. அந்த டி.சி.3 விமானத்தின் போர்க்கால வடிவத்தையே நம் முதியோர் டக்கோட்டா என அறிவர். 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் சேவை தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது ஒரு டக்கோட்டா. சாந்தா மொனிக்காவில் அருங்காட்சியகத்தின் வாசலில் அவ்வின விமானம் ஒன்றைத் தூண்களின்மேல் ஏற்றி வைத்திருந்தனர். அதனைக் கண்டபோது பழைய ஊரவரைக் கண்டாற் போன்ற ஓர் உணர்ச்சி உண்டாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டக்ளஸ் தொழிற்சாலை பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. வேலை செய்தோர் குடியிருக்க அருகிலேயே வீடுகள் எழுந்தன. பகைவரின் கண்ணுக்குத் தொழிற்சாலை புலப்படாதிருக்கும் பொருட்டு, அதன்மேல் கம்பி வலையை விரித்து, பொய் வீடுகளும் பொய் மரங்களும் பொய் வீதிகளும் அமைத்து, மேலிருந்து நோக்குவோருக்கு அதுவும் ஒரு குடியிருப்புப் போலத் தோன்றச் செய்தனர். சினிமாக் காட்சிகளை அமைப்போர் அவ்வேலைக்கு உதவினர். நம்மவர் விமானவோட்டிகளே இறங்குமிடம் தெரியாது மயங்கினர் என்பர். அன்று விமான நிலையத்தைக் காப்பாற்றப் பொய் வீடுகள் வேண்டியிருந்தன. பின்னர் மெய் வீடுகளே அதற்கு வினையாக வந்தன. 1950களில் பெரிய ஜெட் விமானங்களைச் செய்வதற்காக ஓடுபாதையை நீட்டித் தருமாறு கம்பனியார் கேட்டபோது, அயலவரின் எதிர்ப்புக்கு அஞ்சி நகரசபை இணங்கவில்லை. டி.சி.8 விமானத்தின் வேலை லோங் பீச் நகருக்குப் போயிற்று. தொழிற்சாலையும் காலப்போக்கில் மூடப்பட்டது. அங்கு வேலை செய்வதற்காக வந்தவர்களின் வீடுகள் மாத்திரம் எஞ்சின.

இனி விதிகளைப் பார்ப்போம். எந்த விமான நிலையத்துக்கும் பொதுவான விதிகள் சில உள. ஓடுபாதையின் முனையில் வெள்ளை நிறத்தில் எழுதியிருக்கும் எண் அப்பாதை நோக்கும் திசையைக் குறிக்கும். சாந்தா மொனிக்காவில் ஒரு முனையில் 21 என்றும் மறு முனையில் 3 என்றும் உள்ளன. 21 என்றால் திசைகாட்டியில் 210 பாகை, அதாவது தென்மேற்கு. காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசுவதால், காற்றை எதிர்த்து எழவேண்டிய விமானங்கள் கடலை நோக்கியே புறப்படுகின்றன. இறங்க வருபவை ஓடுபாதைக்குப் பக்கமாக, நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், நீண்ட சதுர வடிவில் சுற்றி வருதல் வழக்கம். நாம் கோயிலை வலமாகச் சுற்றுவோம். விமானங்களோ வேறு கட்டளை இல்லாதவிடத்து இடமாகச் சுற்றும். விமானவோட்டி இடப்பக்க ஆசனத்தில் இருப்பவன் ஆதலின், அப்பொழுதுதான் ஓடுபாதை அவன் கண்ணுக்கு மறையாது. எல்லாரும் ஒரே வழியிற் சுற்றுவதனால் மற்றவனை எங்கே தேடிப் பார்க்கவேண்டும் என்பதும் ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கும்.

வானொலி பழுதுபட்டால் என்ன செய்வது? கோபுரத்திலிருந்து விளக்கு பேசும். வானிலுள்ளவனுக்கு நிலையான பச்சை காட்டினால் இறங்கலாம். நிலையான சிவப்பு, பிறருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு என்பது. சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் களம் அபாயமானது, இறங்காதே என்பது பொருள். விண்வெளிக்கு மனிதன் போய் மீண்ட பின்னரும் இந்தப் பழைய விளக்கு மொழியைக் கைவிடாமல் வைத்திருக்கின்றனர். அது நல்லதே.

இவற்றின்மேல் சாந்தா மொனிக்காவுக்கே உரிய விதிகள் இருக்கின்றன. இரவு 11 மணிமுதல் காலை 7 மணிவரை, சனி ஞாயிறுகளில் 8 மணிவரை, எந்த விமானமும் புறப்படலாகாது. உயிர்காக்கும் அவசரங்கள் இதற்கு விலக்கு. மாணவ விமானவோட்டிகள் தரையைத் தொட்டவுடனே மீண்டும் எழுந்து பழகும் பயிற்சி வாரநாட்களில், பகலில் மாத்திரமே நடைபெறலாம். ஹெலிகொப்டர் பயிற்சி அறவே இல்லை. ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பால் ஏறத்தாழ 1,500 அடி தூரத்தில் ஒலிவாங்கிகளை நிறுத்தி, கடந்து செல்லும் ஒவ்வொரு விமானத்தின் இரைச்சலையும் அளக்கின்றனர். அது 95 டெசிபலைத் தாண்டினால் முதலில் எச்சரிக்கை, பின்னர் தண்டம்.

எனக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றியது வேறொரு முறை. தென்மேற்காகப் புறப்படும் சிறு விமானங்கள் பென்மார் என்னும் பொது கொல்ப் மைதானத்தின் மேலாகச் சென்று, கடற்கரையை அடைந்த பின்னரே வேறு திசைக்குத் திரும்புமாறு நிலையத்தார் கேட்டுக்கொள்கின்றனர். வீட்டுக் கூரைகளின்மேல் இரைச்சல் குறையட்டும் என்பதே நோக்கம். ஆனால் அதில் வேறொரு நன்மையும் அடங்கியுள்ளது. எழுந்த சில நொடிகளில் இயந்திரம் நின்றுபோனால் விமானவோட்டிக்கு வேண்டியது ஒரு திறந்த வெளி. உயரம் குறைவாக இருக்கும்போது ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வது பலரைப் பலிகொண்ட செயல். 2015ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி சினிமா நடிகர் ஹரிசன் போர்ட் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானம் ஒன்றில் அங்கிருந்து தனியே புறப்பட்டபோது இயந்திரம் சத்தியிழந்தது. அவர் விழுந்தது அந்தக் கொல்ப் மைதானத்தில். காயப்பட்டாரேனும் உயிர் பிழைத்தார். நிலத்தில் ஒருவருக்கும் தீங்கில்லை. காதுக்காக வகுத்த வழி உயிருக்கும் உதவிற்று.

எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி இறங்கிய ஒரு சிறிய ஜெட் விமானம் ஓடுபாதையை விட்டு விலகி ஒரு கொட்டகையில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். வீட்டுக்காரரின் அச்சத்தை வீண் அச்சமென்று எவரும் தள்ளிவிட முடியாது.

இன்னொரு பக்கத்து அயலவரையும் சொல்லவேண்டும். தெற்கே ஏறத்தாழ ஐந்து கடல் மைல் தூரத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. பெரிய ஜெட் விமானங்கள் அங்கு கிழக்கு மேற்காக ஓயாமல் வந்துபோகின்றன. அதனைக் கடந்து வடக்கு தெற்காகச் செல்லவேண்டிய சிறு விமானத்தின் கதி என்ன? சுற்றிப் போகவேண்டியதில்லை, நேரே அதன் தலைக்கு மேலாகவே போகலாம் என்பது விதி! வானில் ஒரு ஒடுங்கிய வழியை ஒதுக்கியிருக்கின்றனர். தென்கிழக்கே செல்பவன் 3,500 அடியில் செல்லவேண்டும். வடமேற்கே வருபவன் 4,500 அடியில் வரவேண்டும். வேகம் 140 நொட்டுக்கு மேற்படலாகாது. விளக்குகள் எரியவேண்டும். அந்த வழிக்குள் ஒருவரும் கட்டுப்பாட்டாளரிடம் உத்தரவு கேட்பதில்லை. தாம் இருக்குமிடத்தை ஒருவருக்கொருவர் வானொலியிற் சொல்லிக்கொள்வர். புகைவண்டிப் பாதைக்கு மேலே கட்டிய பாலத்தைப் போன்றது இது. கீழே ஓடுவது எத்துணைப் பெரிதானாலும் மேலே செல்பவனுக்குக் கவலையில்லை.

விதிகளை ஆக்குபவர் யார் என்னும் வினாவில்தான் பெரும் வழக்குகள் எழுந்தன. நிலம் நகரசபையினுடையது, வானமோ சமஷ்டி அரசாங்கத்தினுடையது. 1970களில் நகரசபை ஜெட் விமானங்களை முற்றாகத் தடைசெய்தது. 1979இல் நீதிமன்றம் இரவுத் தடை, பயிற்சித் தடை, ஒலி எல்லை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டு, ஜெட் தடையை மட்டும் தள்ளிவிட்டது. சில ஜெட் விமானங்கள் சுழல்விசிறி விமானங்களிலும் அமைதியானவை. ஆகவே இரைச்சலைத் தடுக்கலாமேயன்றி இனத்தைத் தடுத்தல் நியாயமன்று என்பது அதன் கருத்து. இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் அதிகம் வாசித்ததில்லை. 1984இல் இரு அரசாங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அப்பொழுதுதான் 100 ஆக இருந்த ஒலி எல்லை 95 ஆயிற்று. 2008இல் வேகமாக இறங்கும் விமான வகைகளை நகரசபை மீண்டும் விலக்க முயன்றது. ஓடுபாதைக்கு அப்பால் மிச்ச நிலம் இல்லை, ஒரு விமானம் தவறினால் வீட்டுக்குள்ளேயே போகும் என்பது அதன் வாதம். 2011இல் அதுவும் தோற்றது.

முடிவில் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் இரு பகுதியாரும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் 4,973 அடி நீளமான ஓடுபாதை 3,500 அடியாகக் குறைக்கப்பட்டது. பெரிய ஜெட் விமானங்கள் தாமாகவே விலகின. சட்டத்தாற் செய்யமுடியாததைச் சுருக்கிய தளம் செய்தது. இருமுனையிலும் எஞ்சிய வெளி, தவறி ஓடும் விமானத்துக்குக் காவலாயிற்று. 2028 டிசெம்பர் 31க்குப் பின்னர் நிலையத்தையே மூடிவிடும் உரிமையும் நகரசபைக்குக் கிடைத்தது. அந்த 227 ஏக்கரில் பெரும் பூங்கா வேண்டும் என்பாரும், வீடுகள் வேண்டும் என்பாரும், விமான நிலையமே இருக்கட்டும் என்பாரும் உளர். பூமி அதிரும் தேசத்தில், பாதைகள் உடைந்த வேளையில் மருந்தும் வைத்தியரும் வந்திறங்க ஓரிடம் வேண்டாமா என்று கடைசிப் பகுதியார் கேட்பதை நான் இலகுவில் ஒதுக்கமாட்டேன். ஆனால் அந்த முற்றத்து ஊஞ்சலையும் பார்த்தவன் ஆதலால், மூடச்சொல்வோரைக் குறைகூறவும் மனம் வரவில்லை.

இரவு 9 மணிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓய்ந்துவிடும். 11 மணிக்குப் பின்னர் புறப்பாடு இல்லை. ஆனால் வந்திறங்குவோரைத் தடுக்கும் சட்டம் இல்லை. தவிர்க்குமாறு வேண்டுகோள் மாத்திரம் உண்டு. ஆகவே சில இரவுகளில், கோபுரத்தில் ஒருவரும் இல்லாதபோது, ஒரு விமானவோட்டி தான் எந்தத் திசையில், எந்த உயரத்தில், எந்த ஓடுபாதையை நோக்கி வருகிறான் என்பதை அதே வானொலி அலையிற் சொல்லிக்கொண்டு இறங்குகிறான். கேட்பதற்கு வானில் வேறொருவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதே அங்கு முறை.