ஏர்போர்ட்டுக்கு அஞ்சு ரூபாய்... சென்ட்ரலுக்கு நாப்பது ரூபாய்!

'ஏர்போர்ட்ல இறங்குறவங்க சிட்டிக்குள்ள எப்படிப் போறாங்கன்னு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து எழுதும்மா' என்று எங்கள் எடிட்டர் அண்ணன் சொன்னபோது மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். காரணம், அந்த ரவுண்டை நான் ஏற்கெனவே அடித்துவிட்டேன். அதுவும் என் அப்பாவோடு!

நான் படிப்பது நாவலூர் பக்கம். ஹாஸ்டல் வாசம். ராஜீவ் காந்தி சாலை என்று போர்டில் எழுதியிருப்பார்கள். யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். ஓ.எம்.ஆர்.தான். இங்கே இருக்கிற எங்களைப் பொறுத்தவரை 'சென்னைக்குப் போறேன்' என்பது ஒரு பயணம். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப முடியும். ஊர்க்காரர்கள் மட்டும் 'பொண்ணு சென்னையில இன்ஜினீயரிங் படிக்குது' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டம் என்னவோ செங்கல்பட்டு!

சொந்த ஊர் ஜோலார்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா வெல்டர். 2012-ல் சவுதிக்கு ஃபிளைட் ஏறினார். அப்போது எனக்கு ஏழு வயசு. அன்றிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்பா வருவார். அப்பா வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் ஒரு திருவிழாவே நடக்கும். வாடகை சுமோ பேசுவார்கள். அம்மா, ஆயா, மாமா, அத்தை, நாங்கள் ரெண்டு பேர், பக்கத்து வீட்டு அக்கா என்று ஏழு பேர் அடைந்துகொண்டு, நடுராத்திரி புளிசாதத்தோடு கிளம்புவோம். பூந்தமல்லி வந்ததும் ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் திரும்பி நேராக ஏர்போர்ட். அப்பா ட்ராலி தள்ளிக்கொண்டு வருவார். கயிறு கட்டிய மூன்று அட்டைப்பெட்டிகள். மேலே மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர், ஊர், போன் நம்பர். உள்ளே டாங் டப்பா, நிடோ பால் பவுடர், கோடாலி தைலம், கம்பளி. பெட்டிகளை வண்டி மேலே கட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவோம்.

ஆக, இத்தனை வருஷமாகச் சென்னை வழியாகப் போய் வந்த என் அப்பா, சென்னையைப் பார்த்ததே இல்லை!

இந்த முறை அப்பா போனில் சொன்னது வேற மாதிரி இருந்தது. 'சுமோ எல்லாம் வேணாம். அம்மாகிட்ட நான் வர்ற தேதியைச் சொல்லாத. நீ மட்டும் ஏர்போர்ட்டுக்கு வந்துடு பாப்பா.'

'சர்ப்ரைஸாப்பா?' என்றேன். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. 'ஆமாம்மா. அப்படித்தான் வெச்சுக்கோ' என்றார்.

அன்று காலை ஐந்தரை மணிக்கு, வார்டன் மேடம் கையெழுத்து போட்ட லெட்டரோடு ஹாஸ்டல் கேட்டைத் தாண்டினேன். 'மாலை 6 மணிக்குள் திரும்பிவிடுவேன்' என்று அதில் உறுதிமொழி வேறு! எங்களுக்குக் கேப் புக் செய்கிற வசதி எல்லாம் கிடையாது. மாசக் கடைசி. பர்ஸில் இருந்தது 310 ரூபாய். அப்பாவுக்கு டிபன் நான்தான் வாங்கித் தரணும் என்று ஒரு ஆசை. அதனால் பாதையை முதல் நாளே பிளான் பண்ணிவிட்டேன்.

நாவலூரில் பிங்க் கலர் பஸ் பிடித்து சோழிங்கநல்லூர். டிக்கெட் பூஜ்யம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் ஆச்சே! அங்கே இறங்கி, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போகும் 99. அதுவும் பிங்க்தான், பூஜ்யம். தாம்பரத்தில் படி ஏறி இறங்கினால் எலெக்ட்ரிக் ட்ரெயின். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். டிக்கெட் ஐந்து ரூபாய். திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் நடந்தால் அந்தப் பக்கம் ஏர்போர்ட்.

கணக்குப் பார்த்தீர்களா? இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டுக்கு மொத்தச் செலவு ஐந்து ரூபாய்! பையன்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு பஸ் டிக்கெட் தனி!

இந்த எலெக்ட்ரிக் ட்ரெயினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அதே லைன்தான் இன்றைக்கும் ஏர்போர்ட்டின் எதிர் வாசலில் நிற்கிறது. லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குள் பாதாள ரயில் போனது 1977-ல்தான். டெல்லியில் ஏர்போர்ட் மெட்ரோ வந்தது 2011-ல். நம்ம ஊரில் ரோட்டைத் தாண்டினால் ரயில் என்பது பல வருஷமாக இருக்கிற சமாச்சாரம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, அவ்வளவுதான்.

2023 ஏப்ரலில் திறந்த புது டெர்மினல் வாசலில் போய் நின்றேன். என்னைப் போல நூறு பேர் அங்கே காத்திருந்தார்கள். மாலையோடு ஒரு கூட்டம். தூக்கக் கலக்கத்தில் ஒரு குட்டிப் பாப்பா. ஒவ்வொரு முறை கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் நீளும். ஒன்பதே முக்காலுக்கு அப்பா வந்தார்.

முதலில் ட்ராலியைத்தான் பார்த்தேன். ஏனென்றால் ட்ராலியே இல்லை. ஒரு சூட்கேஸ். தோளில் ஒரு பை. அவ்வளவுதான். அட்டைப்பெட்டி எங்கே? டாங் எங்கே? கேட்க வாய் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. இளைத்திருந்தார்.

ரெண்டு அடி வைப்பதற்குள் ஒருத்தர் கூடவே நடக்க ஆரம்பித்தார். 'சார், டாக்ஸி? எங்க சார் போகணும்? சென்ட்ரலா? ஆயிரத்து எண்ணூறு குடுங்க சார். ஏசி வண்டி.'

அப்பா பாக்கெட்டில் கை விட்டுவிட்டார்! 'சரி, எடுப்பா வண்டியை' என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அப்பா, வேணாம்ப்பா. அண்ணா, நாங்க மெட்ரோல போறோம்' என்று சூட்கேஸைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து, 'ஃபாரின் பார்ட்டி, நாப்பது ரூபா ட்ரெயின்ல போவுது பாரு' என்று ஒரு குரல். அப்பாவின் காது சிவந்துபோனது.

'ஏம்மா, குடுத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல?' என்றார் மெதுவாக.

'எதுக்குப்பா? இங்கேயே ஸ்டேஷன் இருக்கு.'

'அது இல்ல பாப்பா. வெளிநாட்டுல இருந்து வர்றவன் பேரம் பேசக் கூடாதுன்னு ஒரு இது. பெட்டி நிறைய எடுத்துட்டு வரணும். கேட்டதைக் குடுக்கணும். அப்பத்தான் சம்பாதிச்சிருக்கான்னு அர்த்தம்.'

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏழு பேர் ஏறிய சுமோக்களுக்கு எவ்வளவு வாடகை கொடுத்திருப்பார் என்று முதல் முறையாக மனசு கணக்குப் போட்டது. வண்டி வாடகை, வழியில் எல்லாருக்கும் ஓட்டலில் டிபன், டிரைவர் பேட்டா. அப்பா வந்த சந்தோஷத்தில் நாங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு ரோஸ்மில்க்கும் அவர் பாலைவன வெயிலில் நின்று வெல்டிங் அடித்த காசு.

ஏர்போர்ட் மெட்ரோ ஸ்டேஷன். சென்ட்ரலுக்குக் கவுன்ட்டரில் தலைக்கு 40 ரூபாய். அந்த டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். அப்பா தடுக்கவில்லை. அதுவும் புதுசு. சூட்கேஸ் ஸ்கேனரில் போய் வந்தது. நல்லவேளை அட்டைப்பெட்டிகள் இல்லை என்று தோன்றியது. மெட்ரோவில் பெரிய சுமைகளை விட மாட்டார்கள். தோன்றிய மறு நிமிஷமே அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ரயில் கிளம்பியது. இந்தப் பாதை முதலில் 2016 செப்டம்பரில் சின்னமலை வரைக்கும்தான் வந்தது. அண்ணா சாலைக்கு அடியில் தோண்டி முடித்து, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. வழியாக சென்ட்ரல் வரை நேராக ஓட ஆரம்பித்தது 2019 பிப்ரவரியில். அப்பாவுக்கு ஜன்னல் ஓர சீட். மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு. இடது பக்கம் பரங்கிமலை. 'இது இன்னா மலை?' என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். ஆலந்தூர் தாண்டியதும் கீழே கத்திப்பாரா மேம்பாலம் கோலம் போட்ட மாதிரி சுற்றிக்கொண்டு கிடந்தது. 'ஏயப்பா!' என்றார். பதிமூன்று வருஷம் இந்த ஊர் வழியாகப் போய் வந்த மனுஷன்!

சின்னமலை தாண்டியதும் ரயில் இறங்கி சுரங்கத்துக்குள் நுழைந்தது. மேலே அடையாறு ஓடுகிறது என்று சொன்னேன். வெளியே இருட்டு. ஜன்னல் கண்ணாடியில் எங்கள் ரெண்டு பேர் முகமும் தெரிந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்.

'எக்ஸிட்ல வந்துட்டேன் பாப்பா.'

வளைகுடாவில் அப்பா இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை புரியும். ஃபைனல் எக்ஸிட். விசா முடிந்தது. லீவு இல்லை, திரும்பிப் போவது இல்லை. வேலை பார்த்த இடத்தில் நாலு மாசச் சம்பளம் பாக்கியாம். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் கிளம்பிவிட்டார்களாம். அப்பா கடைசி வரைக்கும் இருந்து பார்த்தாராம்.

'உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஏர்போர்ட்ல ஏழு பேர் வந்து நின்னா, ஒரு பெட்டியோட எப்படி வெளிய வர்றது? அதான் உன்னை மட்டும் வரச் சொன்னேன். உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குல்ல? ஃபீஸ் கட்டிடலாம். நீ அதை நினைக்காத.'

நந்தனம், தேனாம்பேட்டை என்று அறிவிப்புக் குரல் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை. அழவில்லை. அழுதால் அப்பாவும் அழுதுவிடுவார் என்று பயம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுப் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு. எல்.கே.ஜி. படிக்கும்போது ரோடு தாண்டப் பிடித்துக்கொண்ட கை. அப்போது அந்தப் புள்ளிகள் இத்தனை இல்லை.

ஏர்போர்ட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் சென்ட்ரல் வந்துவிட்டது. எஸ்கலேட்டரில் மேலே வந்தால் எதிரே 1873-லிருந்து நிற்கும் செங்கல் நிற சென்ட்ரல் ஸ்டேஷன். மணிக்கூண்டு. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. அப்பா நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். 'சினிமால ஊர்லேர்ந்து வர்றவன் எல்லாம் இங்கதான வந்து நிப்பான்?' என்று கேட்டுச் சிரித்தார். ஏர்போர்ட்டில் இறங்கியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பக்கத்து மெஸ்ஸில் பொங்கல், வடை. பில் நான் கொடுத்தேன். அப்புறம் ஸ்டேஷன் நிழலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். எத்தனையோ வருஷமாகப் போனில் 'சாப்பிட்டியா, படிக்கிறியா' என்று மட்டும் பேசிய அப்பா, அவர் கூட இருந்தவர்கள், ரூமில் சமைத்தது, முதல் வருஷம் ஊர் ஞாபகத்தில் பாத்ரூமில் அழுதது என்று எல்லாம் சொன்னார். நான் என் அரியர் விஷயத்தைச் சொன்னேன். ஆமாம், ஒண்ணே ஒண்ணு இருக்கு. அவருக்குத் தெரியாமல் இருந்தது. 'சரி, நம்ம ரெண்டு பேருக்கும் அரியர்' என்றார்!

சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ். அது ஜோலார்பேட்டையோடு நின்றுவிடும். தூங்கினாலும் ஊர் தாண்டிவிடும் என்கிற பயம் இல்லை. அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கக் கவுன்ட்டர் க்யூவில் நின்றேன். என் முறை வந்தது. பர்ஸைப் பார்த்தேன். அட்டெண்டன்ஸ் நினைவுக்கு வந்தது. வார்டன் மேடத்துக்குக் கொடுத்த உறுதிமொழி நினைவுக்கு வந்தது. அம்மா கதவைத் திறக்கும் காட்சியும் நினைவுக்கு வந்தது. ஒரு பெட்டியோடு அப்பா மட்டும் தனியாக நிற்கிறார்.

'எத்தனை டிக்கெட்மா?' என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

'ரெண்டு' என்றேன்.

(வார்டன் மேடத்திடம் வாங்கிய திட்டு தனிக் கட்டுரை. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? 'இதுக்கா பயந்தே? முதல்ல கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடு' என்றாள். அப்பா இப்போது வாணியம்பாடி ரோட்டில் கிரில் கேட் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். அந்தப் பாக்கிச் சம்பளம் இன்னும் வரவில்லை.)

எடிட்டர் அண்ணன் கேட்டதற்காகச் சில டிப்ஸ்: கையில் ஒரு சூட்கேஸ்தான் என்றால் மெட்ரோ பெஸ்ட். காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரை ஓடும். பர்ஸ் காலி என்றால் திரிசூலம் ஸ்டேஷன். பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். நடுராத்திரி ஃபிளைட், மூன்று அட்டைப்பெட்டி, கைக்குழந்தை என்றால் கார்தான் சரி. ஆனால் ரேட்டை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நாவலூர் வழியாகவும் மாதவரம்-சிறுசேரி மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது ஓட ஆரம்பிக்கும்போது நான் பாஸ் அவுட் ஆகியிருப்பேன். ஜூனியர்ஸ் என்ஜாய்!

கடைசியாக ஒன்று. பேரம் பேசுவது கேவலம் இல்லை. ஒரே ஒரு பெட்டியோடு வருவதும் கேவலம் இல்லை. உங்கள் அப்பா வெளிநாட்டில் இருந்தால், இன்றைக்குப் போனில் 'சாப்பிட்டீங்களா'வோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். 'சம்பளம் ஒழுங்கா வருதாப்பா?' என்று.