புலியை ரயிலேற்றுகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. காலையில் கோயில் வரைக்கும் தானே நடந்து போய் வருகிறாள். உன் வீட்டுச் செய்திதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நடுராத்திரி தாண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு உப்புத்தாள் தேய்க்கிறாயாமே? உன் மனைவி போனில் சொன்னாள். டேய், காலையில் வேலைக்குப் போகிறவன் நீ. அந்த மாடல் டாங்கி எங்கேயும் ஓடிவிடாது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படு.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டைகர் டாங்கி மிக நன்றாக வந்திருக்கிறது. ஓரங்களில் பெயிண்ட் உரிந்த இடம், புகைபோக்கிக் குழாயில் துரு, அடிப்பக்கத்தில் காய்ந்த சேறு என்று ஒவ்வொன்றிலும் உன் கைப் பொறுமை தெரிகிறது. ஆறு அச்சு பிளாட் வேகனும் அழகுதான். ஆனால் டாங்கியை அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறாயே, அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. சரக்கு வண்டி கார்டு பெற்ற பிள்ளை இப்படியா லோடு ஏற்றுவது?

சண்டைக்குப் போகும்போது போடுகிற அகலச் சங்கிலிப் பட்டையோடு அதை நிறுத்திவிட்டாய். அந்தப் பட்டை 725 மில்லிமீட்டர் அகலம். அதோடு சேர்த்தால் டாங்கி ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். ஜெர்மன் ரயில்பாதையில் சரக்கின் அகலம் 3.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் அப்பா பாஷையில் சொன்னால் இது ஓடிசி, அளவு மீறிய சரக்கு. அப்பாவுக்கு ஓடிசி டூட்டி விழுந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? எந்த நேரம் வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பிளாட்பாரம், பாலம், சிக்னல் கம்பம் என்று வழியெல்லாம் இடைவெளியை நினைத்தே போக வேண்டிய வண்டி அது. நீயும் நானும் தூங்காமல் காத்திருப்போம்.

ஜெர்மன்காரர்கள் அதற்காகத்தான் டைகருக்கு இரண்டு ஜோடி பட்டை வைத்திருந்தார்கள். ரயிலேற்றும் முன் அகலப் பட்டையைக் கழற்றி, வெளி ஓரத்துச் சக்கரங்களையும் போல்ட் கழற்றி எடுத்துவிட்டு, 520 மில்லிமீட்டர் குறுகல் பட்டையை மாட்டுவார்கள். கழற்றிய அகலப் பட்டையை வேகனின் மேலேயே, டாங்கிக்கு அடியில் போட்டுக் கொண்டுபோவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் இத்தனையையும் திருப்பிச் செய்ய வேண்டும். எதிரே வந்தவர்களையெல்லாம் கதிகலங்க வைத்த 57 டன் வண்டி, ரயிலேறும்போது மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளி மாதிரி அடங்கித்தான் ஏறியிருக்கிறது. வேகனோடு சேர்த்து டைகரைச் செய்கிறவன் இதையல்லவா காட்ட வேண்டும்?

உன் 1/35 அளவில் 725 என்பது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், 520 என்பது ஒன்றரை சென்டிமீட்டர். இப்போது உன் டாங்கி பக்கத்துக்கு முக்கால் சென்டிமீட்டருக்கு மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது. அவசரத்துக்கு அகலப் பட்டையோடே அனுப்பியதும் உண்டு என்று நீ வாதாடுவாய். உண்டுதான். கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தும், வழியில் குறுகிய சுரங்கம் எதுவும் இல்லை என்று தெரிந்தால் அப்படி அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் காட்டப்போகிறாய் என்றால், தெரிந்து செய். பெட்டியில் அந்தப் பட்டை இருந்தது, மாட்டிவிட்டேன் என்று சொல்லாதே.

தண்டவாளத்தையும் பார். நம் ஊர் பிராட்கேஜ் பார்த்து வளர்ந்த கண் உனக்கு, அகலமாகப் போட்டுவிட்டாய். நம்முடையது 1,676 மில்லிமீட்டர், அவர்களுடையது 1,435. உன் கணக்கில் 41 மில்லிமீட்டர் போதும். டைகர்கள் முதன்முதலில் போர்முனைக்குப் போனது 1942 ஆகஸ்டில், லெனின்கிராடுக்குப் பக்கத்தில் ம்கா என்ற ஊருக்கு. அங்கே ரஷ்யப் பாதை அப்போது 1,524. ஜெர்மன் ரயில் படைக்காரர்கள் அதைத் தங்கள் அளவுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டே போனார்கள். அந்தக் காட்சியைச் செய்தாலும் உனக்கு அதே 41தான்.

டாங்கியை வேகனின் நடுவில் நிறுத்தி, பட்டைக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு வை. இன்னொரு டைகர் வாங்கி அடுத்த வேகனில் ஏற்றும் ஆசை உனக்கு இருக்கிறது என்று தெரியும். அடுத்தடுத்து வைக்காதே. பாலத்தின்மேல் ஒரே இடத்தில் பாரம் விழக் கூடாதென்று நடுவே இலேசான வண்டிகளைக் கோத்துத்தான் அனுப்பினார்கள்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்றாய், சந்தோஷம். இது என்ன வண்டி, யாருடையது என்று அவள் கேட்கும் நாளில் பீரங்கியின் அளவோடு நிறுத்திவிடாதே. இந்த டாங்கிகளைச் செய்தது காஸல் நகரத்து ஹென்ஷல் ஆலை. அதற்கு முன்பே ரயில் எஞ்சின் கட்டிப் பேர் வாங்கிய ஆலை அது. போர்க்காலத்தில் வேற்று நாட்டு மக்களைப் பிடித்து வந்து அங்கே கட்டாய வேலை வாங்கினார்கள். அதே காஸலிலிருந்து 1941 டிசம்பர் 9 அன்று சுமார் ஆயிரம் யூதர்களை ரயிலேற்றி ரிகாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. டாங்கியை ஏற்றிப் போனதும் அவர்களை ஏற்றிப் போனதும் ஒரே ரயில் நிர்வாகம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள் நான், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தைக்கு அவள் வயசுக்குத் தக்கபடி சொல். மாடலின் அடிப்பலகையில் ஊர், வருஷத்தோடு இரண்டு வரி எழுதி வை. பார்க்க வருகிறவர்களும் படிக்கட்டும்.

ஏர்பிரஷ் பிடிக்கும்போது முகமூடி போடு, ஜன்னலைத் திறந்து வை, பாப்பாவை அடுத்த அறைக்கு அனுப்பிவிடு. சின்ன வயசில் உனக்கு இழுப்பு வந்து அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். பெயிண்ட் நெடி உன் நெஞ்சுக்கு ஆகாது.

டாங்கியை இன்னும் வேகனோடு ஒட்டவில்லை என்று உன் மனைவி சொன்னாள். நல்லதாயிற்று. அவசரப்படாமல் அந்த அகலப் பட்டையைக் கழற்றிவிட்டுக் குறுகலானதை மாட்டு. பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அக்கா