எரிமலை மண்ணில் நாற்சக்கரப் பயணம்



விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆனைக்குட்டம் எங்கள் ஊர். அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் அதன் பெயர் வெளியே தெரியும். அணையில் நீர் நிறைந்தால் விருதுநகர் மக்களின் குடங்களும் நிறையும். வறண்டால் கரிசல் வெடித்து, பாளம் பாளமாய்ப் பிளந்து கிடக்கும். கோடையில் அந்தக் கரிய மண்ணைக் காண்பவர் பலரும், 'இது எரிமலை கக்கிய மண்' என்பர். அது முழுதும் சரியன்று. மராட்டியப் பகுதியின் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம் தென்மாவட்டக் கரிசலோ வேறுவகைப் பழம்பாறைகள் சிதைந்து உண்டானது. உண்மையான எரிமலை மண்ணை மிதிக்க இந்தியப் பெருங்கடலைக் கடந்து மொரீஷியஸ் தீவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. சென்ற ஆண்டு அந்த வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மகளும் மருமகனும் பேத்தியும் அங்கே வாழ்கின்றனர்.

பட்டாசுத் தொழிற்சாலையில் நீண்டகாலம் போர்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கந்தகமும் அலுமினியத் தூளும் என் வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. எனவே இப்பயணத்தைச் சுற்றுலாக்காரனின் கண்ணால் மட்டும் என்னால் காண இயலவில்லை. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கடலிலிருந்து எழுந்த தீவு

மும்பையிலிருந்து சுமார் ஆறு மணி நேர விமானப் பயணம். சுற்றுலாவாகச் செல்லும் இந்தியருக்கு முன்கூட்டி விசா பெற வேண்டியதில்லை. திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட விவரமும் கையில் இருத்தல் வேண்டும். நம் நேரத்திற்கு அந்நாட்டு நேரம் ஒன்றரை மணி பின்தங்கியது. சாலையில் நம்மைப் போலவே இடப்புறமாகச் செல்கின்றனர்.

மொரீஷியஸ் தீவு ஏறக்குறைய எண்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் உச்சி. இன்று அங்கே எரிமலை ஏதும் எரிவதில்லை. கடைசிச் சீற்றம் நிகழ்ந்து சுமார் இருபத்தையாயிரம் ஆண்டுகள் ஆயின என்பர். கியூர்பிப் நகரில் 'த்ரூ ஓ செர்ஃப்' என்னும் பழைய எரிமலை வாய் உண்டு. சுமார் முந்நூறு மீட்டர் அகலமும் எண்பது மீட்டர் ஆழமும் கொண்ட அப்பள்ளத்தின் சரிவெல்லாம் இப்போது மரங்கள். தென்மேற்கே உள்ள ரீயூனியன் தீவிலோ எரிமலை இன்னும் ஓயவில்லை. அத்தீவின் 'பித்தோன் தெ லா ஃபுர்னேஸ்' உலகில் அடிக்கடி சீறும் மலைகளுள் ஒன்று. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளத்தின் தரையே உள்வாங்கி விழுந்தது. அங்கும் தமிழர் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

மொரீஷியஸ் ரூபாய்த் தாளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என் கண்கள் கலங்கின. ஆம், வாசகர்களே, அதிலே தமிழ் எழுத்து இருக்கிறது. தமிழ் எண்ணும் இருக்கிறது!

கரும்புக் காட்டின் கற்குவியல்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்திலேயே, துறைமுகமும் கட்டடங்களும் எழுப்பத் தமிழகக் கைவினைஞர்கள் அத்தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்திறங்கியோர் நாலரை இலட்சம் பேருக்குக் குறையார். சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்களும் அவர்களுள் அடக்கம். அவர்கள் ஏறிய கற்படிகளைப் போர்ட் லூயியில் 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் பாதுகாத்து வருகின்றனர். 2006இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெள்ளிக்கிழமையன்று அந்நகரின் ஜும்ஆ பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்படிகளருகே நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பள்ளிவாசல் அது.

ஆயினும், அம்மக்களின் உழைப்பை எனக்கு உணர்த்தியவை கரும்புத் தோட்டங்களின் நடுவே நின்ற கற்குவியல்கள்தாம். எரிமலைத் தீவல்லவா? மண்ணைத் தோண்டினால் கல். கரும்பு நட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிய கரிய கற்களைச் சிறு கோபுரங்கள் போல் அடுக்கி வைத்திருக்கின்றனர். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். தேன்கூடு போல் உடலெங்கும் துளைகள்! குழம்பு ஆறும்போது உள்ளிருந்த வாயு குமிழியிட்டு வெளியேறிய தடங்கள் அவை. அந்தக் கல்லைச் சுமந்த கைகளை எண்ணிப் பார்த்தேன்.

'நன்னா, நீங்களும் வாங்க!'

தீவின் தென்பகுதியில் சமூனி என்னும் ஊரருகே 'வண்ணப் பள்ளத்தாக்கு' என்ற பொருளுடைய பெயரில் ஓர் இயற்கைப் பூங்கா உண்டு. அங்கே குவாட் பைக் எனப்படும் நாற்சக்கர மோட்டார் வண்டியில், வழிகாட்டியின் பின்னே காட்டுப் பாதையில் செல்லலாம். பேத்திக்கு அதில் ஏற ஆசை. எனக்கோ அச்சம். வெடியும் நெருப்பும் பார்த்தே வளர்ந்தவன், விளையாட்டுக்காக ஆபத்தைத் தேடிப் போவதை விரும்புவதில்லை.

"வேண்டாம்மா" என்றேன்.

"நன்னா, நீங்களும் வாங்க! நீங்க வந்தா நான் பயப்பட மாட்டேன்" என்றாள். பயந்தவன் யார் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை!

வேட்டியுடன் வண்டியில் ஏற விடமாட்டார்கள் என்று மருமகன் கூறவே, அவருடைய கால்சட்டை ஒன்றை இரவல் வாங்கி அணிந்தேன். மகள், "அத்தா, கண்ணாடியிலே பாருங்க" என்று சிரித்தாள்.

வழிகாட்டி முப்பது வயதிருக்கும் இளைஞர். கிரியோல் மொழியில் பேசினார், மருமகன் மொழிபெயர்த்தார். முதல் கால் மணி நேரம் வண்டியை யாரும் தொடவேயில்லை. தலைக்கவசத்தின் வாரைத் தாமே இழுத்துச் சரிபார்த்தார். மூடிய காலணி இல்லாதோரை மாற்றி வரச் செய்தார். என் மகளின் முக்காட்டு முனை சக்கரத்தில் சிக்காதபடி சட்டைக்குள் செருகிக்கொள்ளச் சொன்னார். பேத்தியின் வயதைக் கேட்டார். ஓட்டுவதற்கு வயது போதாது, தந்தையின் பின்னே அமரலாம் என்றார். அவள் முகம் வாடியது, அவர் இளகவில்லை.

பின்னர் வண்டியைப் பற்றி விளக்கினார். வேகத்தைக் கூட்டுவது வலக்கைப் பெருவிரலால். விரலை எடுத்தால் வேகம் தணிந்துவிடும். சக்கரங்கள் அகன்றவை, காற்று குறைவாக நிரப்பப்பட்டவை. அதனால் கல்லிலும் சேற்றிலும் அமுங்கிப் பற்றிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது உடலை முன்னே சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னே. திரும்பும்போது எப்பக்கம் திரும்புகிறோமோ அப்பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். இருசக்கர வண்டி பழகியவர்கள் ஒன்றை மறக்க வேண்டும்: தடுமாறினால் காலைத் தரையில் ஊன்றலாகாது. ஊன்றிய காலின் மேல் பின்சக்கரம் ஏறிவிடும்!

இவ்வகை வண்டிகள் தொடக்கத்தில் மூன்று சக்கரத்துடன் வந்தன. அவை எளிதில் கவிழ்ந்து பலரைப் பலிகொண்டதால், 1988இல் அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தினர். அதன் பின்னர் நாற்சக்கரமே நிலைத்தது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் உயிர் இருக்கிறது என்பதைப் பட்டாசுத் தொழிலில் இருந்த எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணின் வண்ணங்கள்

ஆறு வண்டிகள். முன்னே வழிகாட்டி, கடைசியில் அவருடைய உதவியாளர். கரும்பு பூத்து வெள்ளி இறகாய் ஆடிய மே மாதம். கல் நிறைந்த பாதையில் வண்டி குலுங்கியது. செம்மண் சேறு முழங்கால் வரை தெறித்தது. ஓர் ஓடையைக் கடந்து மேட்டில் ஏறியபோது, தொலைவில் தென்கடல் நீலக் கோடாய்த் தெரிந்தது.

மேட்டின் மறுபுறம் வண்ண மண். இதன் உறவுக்கார நிலமாகிய சமரேலில் ஏழு வண்ணம் என்பர். இங்கே இருபத்து மூன்று என்கின்றனர். எண்ணிப் பார்க்க என் கண்களால் இயலவில்லை. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், ஊதா, சாம்பல் என அலையலையாய்க் கிடந்தது பூமி. எரிமலைப் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாகி, கரையக்கூடியவை கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்றமையால் விளைந்த வண்ணங்கள் இவை. சிவப்பும் மஞ்சளும் இரும்பின் கைவண்ணம்.

எனக்கு இது புதிய பாடமன்று. வானில் மலரும் மத்தாப்பின் நிறமும் உலோகத்தின் கொடைதானே? சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்திற்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம், வெண்மைக்கு அலுமினியம். பச்சைக்குப் பேரியம் இருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நாங்கள் ஒரு நொடியில் எரித்துத் தீர்க்கும் வண்ணத்தை, இறைவன் இலட்சக்கணக்கான ஆண்டுகள் பொறுமையாக மண்ணில் தீட்டி வைத்திருக்கிறான்!

நின்ற வண்டிகள்

திரும்பும் வழியில் அது நிகழ்ந்தது. வரிசையில் வந்த ஓர் இளைஞர், படம் எடுக்கும் ஆசையில் பாதையை விட்டு விலகி, வேகமாய் எங்களை முந்திச் சென்றார். வழிகாட்டி உடனே கையை உயர்த்தினார். ஆறு வண்டிகளும் நின்றன. அவர் இறங்கிச் சென்று அந்த வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டார். இளைஞர், தாம் பணம் கொடுத்து வந்தவர் என்று வாதாடினார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. "காடு நாளையும் இங்கே இருக்கும், நீங்களும் இருக்க வேண்டும்" என்றார். அவரை உதவியாளரின் பின்னே அமர்த்தினார். அந்த வண்டி அங்கேயே நின்றது. பின்னர் ஆள் அனுப்பி எடுத்து வந்தனர்.

வாசகர்களே, அந்த நேரத்தில் நான் மொரீஷியஸில் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புரட்டாசி மாதக் காலையில், மருந்தறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது எங்கள் தொழிலின் விதி. தீபாவளி நெருங்கியிருந்தது, சரக்குக்கு அவசரம். அன்று அறையில் அறுவர் இருந்தனர். நான் பார்த்தேன். எண்ணினேன். ஒன்றும் சொல்லாமல் கடந்து சென்றேன். அரை மணி நேரத்தில் உராய்வில் தீப்பற்றியது. அறுவருள் ஒருவர் என் மனைவியின் தம்பி. வலக்கையில் மூன்று விரல்களை இழந்தார். முதியவர் ஒருவரை மதுரைக்குக் கொண்டு சென்றும் மூன்றாம் நாள் காலமானார். 'எத்தனை பேர் இருந்தனர்?' என்று விசாரித்தவர்களுக்கு எல்லோரும் சொன்ன விடையையே நானும் சொன்னேன்: நால்வர்.

அதன்பின் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ விபத்துகள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் ஒரே நாளில் போயின. முதல் வெடிக்குப் பின் பார்க்கவும் உதவவும் ஓடிச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, 'விதி' என்று சொல்லிக்கொண்டேன். அந்த இளம் வழிகாட்டி சாவியை எடுத்த விதத்தைக் கண்டபின், அச்சொல் என் நாவில் எழவில்லை. நிறுத்து என்று சொல்ல ஒரு கை உயர வேண்டும். அன்று உயர வேண்டிய கை என்னுடையது.

இறங்கியதும் பேத்தி, "நன்னா, ஏன் அழறீங்க?" என்றாள். புழுதி என்றேன்.

அணைக்கரையில்

ஊர் திரும்பிய மறுநாள் மாலை, மைத்துனரை அழைத்துக்கொண்டு அணைக்கரைக்குச் சென்றேன். துளைகள் நிறைந்த ஒரு சிறு எரிமலைக் கல்லின் படத்தைக் காட்டினேன். பிறகு முப்பது ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். அறுவரை நான் எண்ணியதைச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் நீரையே பார்த்திருந்தார்.

"நீங்க சொல்லியிருந்தாலும் அன்னைக்கு யாரு கேட்டிருப்பா?" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனாலும் சொல்லியிருக்கணும் மச்சான்" என்றார். அவ்வளவே. வீடு திரும்பும் வழியெல்லாம் எஞ்சிய விரல்களால் என் கையைப் பற்றியிருந்தார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! வசதியுள்ளோர் மொரீஷியஸுக்குச் சென்று வாருங்கள். நம் முன்னோர் அடுக்கிய கற்களையும், வண்ண மண்ணையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாற்சக்கர வண்டியில் ஏறுவதானால், மூடிய காலணி அணியுங்கள், தளர்ந்த ஆடையைச் செருகிக்கொள்ளுங்கள், மழைக்குப்பின் மாற்றுடையும் எடுத்துச் செல்லுங்கள், வழிகாட்டியை முந்தாதீர்கள்.

போக இயலாதோர்க்கும் ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் நாளைக் காலை பட்டாசு ஆலைக்கோ, கட்டட வேலைக்கோ புறப்படலாம். அங்கே ஓர் அறையில் நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் ஐவர் இருந்தால், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கேட்டவர் எவரேனும் ஒருவர் கை உயர்த்தக்கூடும்.