ஒரு செக்‌ஷனுக்கு ஒரு டெப்லட்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஓடும் கோச்சிக்குத் தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர். ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரத்து நிறுவனமொன்று 1968 இல் அறிமுகப்படுத்திய எல்.ஜி.பி. வகை அது. வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கக்கூடியதாகச் செய்யப்பட்டது. சாச்சா அங்கிருந்து திரும்பி வந்தபோது இரண்டு எஞ்சின்களும் ஆறு பெட்டிகளும் ஒரு மூட்டை பித்தளைத் தண்டவாளமும் கொண்டுவந்தார். எல்லாம் மூத்தவாப்பாவுக்கு. மலையகப் பாதையில் நிலைய அதிபராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவருக்கு வேறு என்னதான் கொண்டுவருவது?

தண்டவாளத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, "இது புரோட் கேஜ் இல்லையே" என்றார் மூத்தவாப்பா. அவர் சொன்னது சரி. இந்த வகை, மீற்றர் கேஜ் பாதையை 22.5 இல் ஒரு பங்காகச் சுருக்கியது. 1676 மில்லிமீற்றர் அகலமான நமது பாதையை அதே கணக்கில் சுருக்கினால் 74 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே வரும்.

கையால்தான் அவர் அளக்க வேண்டும். கண் அழுத்த நோய் அவருடைய பார்வையை எடுத்துவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பள்ளிவாசலுக்குத் தனியே நடந்து போனவர், இப்போது யாராவது கையைப் பிடிக்கும்வரை கதிரையிலேயே காத்திருப்பார். அதனால் இந்தக் கோச்சியை அவர் யாரையும் கூப்பிடாமல் தானே ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கைத்தொலைபேசியால் இயக்கும் கருவி வாங்கலாம் என்றார் நானா. வழுவழுப்பான கண்ணாடித் திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்று விரலுக்கு எப்படித் தெரியும்? கட்டுப்பாட்டுப் பலகையை நானே செய்வதாகச் சொன்னேன்.

இதன் மின்சாரம் நாம் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பதுதான். இரண்டு தண்டவாளங்களும் இரண்டு கம்பிகள். நேரோட்டம் ஒன்றால் போய், மோட்டருக்குள் புகுந்து, மற்றதால் திரும்புகிறது. வோல்ற்றளவைக் கூட்டினால் வேகம் கூடும். நேர், மறை முனைகளை இடம் மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். அதற்கு ஆறு கால்களுள்ள ஓர் ஆளி, அதன் முதுகில் குறுக்காக இரண்டு வயர்த் துண்டுகள், அவ்வளவுதான். உம்மா போட்ட ஒரே நிபந்தனை, 230 வோல்ற் முற்றத்துப் பக்கம் வரக்கூடாது என்பது. ஆகவே மின் வழங்கி அறைக்குள் சுவரில் இருக்கிறது. பலகைக்கு வருவது 24 வோல்ற் மட்டும், அதுவும் 3 அம்பியர் உருகி ஒன்றின் வழியாக.

வழமையான பலகைகளில் பாதையை வர்ணத்தால் வரைந்து, சிவப்பு பச்சை விளக்குகள் வைப்பார்கள். "லைட் எனக்கு என்னத்துக்கு மகள்?" என்றார் மூத்தவாப்பா. தடித்த செப்புக் கம்பியைப் பாதையின் வடிவத்துக்கு வளைத்துப் பலகையில் ஒட்டினேன். முட்டை வடிவமான ஒரு சுற்று, அதில் ஓரிடத்தில் நிலையம், நிலையத்தில் இரண்டு பாதைகள். விரலை அதன் மேல் ஓடவிட்டால் முற்றம் முழுவதும் கைக்குள் வந்துவிடும். அழுத்தும் பொத்தான்களை நான் சேர்க்கவில்லை. பொத்தான் அழுத்தியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும், என்ன செய்தோம் என்று பிறகு தடவிப் பார்த்தால் ஒன்றும் சொல்லாது. நெம்பு அப்படியல்ல, வைத்த இடத்தில் நிற்கும். பாதை மாற்றும் இரண்டு நெம்புகளும் சைக்கிள் பிரேக் கேபிளால் இழுபடுகின்றன; அவற்றில் மின்சாரமே இல்லை. சிக்னல் கெபினிலும் நெம்பை இழுத்தால் கம்பிதான் இழுபடும் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

மீதியை அவரே வடிவமைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மலையகப் பாதை ஒற்றைப் பாதை. நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் பக்கம் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் நேருக்கு நேர் சந்திக்காமல் காத்தது டெப்லட் என்னும் வட்டத் தகடு. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் கம்பியால் இணைத்த இரு கருவிகள் இருக்கும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு கருவிக்குள் திரும்பிச் சேரும்வரை இன்னொன்று வெளியே வராது. தகடு கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் நுழையக் கூடாது. இரு நிலையங்களும் பேசிக்கொள்வது மணி அடித்து. "கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எங்கள் டெப்லட், கெரம் போர்ட்டின் ஸ்ட்ரைக்கர். பலகையில் அது நுழையும் அளவில் இரண்டு பிளவுகள் வெட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன சுவிட்ச். பழுதான மைக்ரோவேவ் அடுப்புகளின் கதவுகளில் இருந்தவை அவை. திருத்தும் கடைக்காரர் கழற்றித் தந்தார். நிலையத்தின் இரு பாதைகளிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரு முனையிலும் பிளாஸ்டிக் இணைப்பால் பிரித்து, அதற்குரிய மின்னை அந்தச் சுவிட்ச் வழியாகக் கொடுத்தேன். முதலாம் பிளவில் ஸ்ட்ரைக்கர் இருந்தால் முதலாம் வண்டி மட்டும் புறப்படும். இரண்டாவது உயிரில்லாமல் நிற்கும். இருப்பது ஒரே ஸ்ட்ரைக்கர், ஆகவே மோதுவதற்கு வழியே இல்லை. வண்டி நிலையத்தை நெருங்கும்போது எஞ்சினின் அடியிலுள்ள காந்தம், சிலிப்பர் கட்டைகளுக்கிடையே வைத்த ரீட் சுவிட்ச்சைக் கடக்கும். முதலாம் பாதைக்கு மணி, இரண்டாம் பாதைக்கு பஸர். சத்தம் கேட்டதும் அவர் வேகக் குமிழைத் திருப்பிக் குறைக்கிறார்.

மின்சாரத்தைவிட எறும்புதான் பெரிய தொல்லை. சுவிட்ச்சுக்குள் கூடு கட்டப் பார்க்கும். அதனால் வயர்களெல்லாம் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழைகின்றன. துளைகளை ரப்பரால் அடைத்திருக்கிறேன். நுழையுமுன் ஒவ்வொரு வயரும் கீழே தொங்கி மேலே வளைகிறது, மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பித்தளை கறுத்துப்போவதால் வாரத்துக்கு ஒருமுறை தண்டவாளத்தைத் தேய்க்க வேண்டும். அது வாப்பாவின் வேலையாகிவிட்டது.

இப்போது அஸர் தொழுதபின் மூத்தவாப்பா தானே சுவரைப் பிடித்து விறாந்தைக்கு வருகிறார். மக்ரிப் பாங்கு கேட்கும்வரை சேவை நடக்கும். ஆறு மணிக்கு ஒரு வண்டி கட்டாயம். பிந்தினால் அவருக்குப் பிடிக்காது.

சென்ற விடுமுறையில் சாச்சாவின் சின்ன மகன் தன் வீட்டிலிருந்து இரண்டாவது ஸ்ட்ரைக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, இரு வண்டிகளையும் ஒன்றாக ஓட்டலாம் என்று மெதுவாகப் பிளவில் போட்டான். இரண்டாம் வண்டி அசைந்த சத்தம் கேட்டதுமே மூத்தவாப்பா பிரதான நெம்பை இறக்கிவிட்டார். "ஒரு செக்‌ஷனுக்கு ஒரு டெப்லட்" என்று சொல்லி, தடவித் தடவி அந்த ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. சின்னவன் இரண்டு முறை கேட்டுவிட்டான், விசாரணை முடியவில்லையாம்.