தீக்கோழியும் என் பெயரும்

வெள்ளவத்தையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேர்த்தி படப்புத்தகம் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மப்பா, தீக்கோழி தீயைத் தின்னுமோ?"

தின்னாது, அது கோழியுமன்று. நெருப்பை விழுங்கும் என்ற பழைய நம்பிக்கை பெயராகி நிலைத்துவிட்டது. கிரேக்கரோ அதைச் சிட்டுக்குருவியோடும் ஒட்டகத்தோடும் சேர்த்து அழைத்தனர். 1758 இல் லின்னேயஸ் இட்ட 'ஸ்ட்ரூதியோ கமேலஸ்' என்ற பெயரிலும் அவ்விரண்டுமே உள்ளன.

இப்பறவை நமது துணைக்கண்டத்திலும் வாழ்ந்தது என்பதைப் பலர் அறியார். சிவாலிக் மலைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் 1871 இல் 'ஸ்ட்ரூதியோ ஆசியாட்டிகஸ்' என்று அழிந்துபோன ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். பிற்காலத்தில் இந்தியாவில் கிடைத்த தீக்கோழி முட்டையோடுகளையும் அப்பெயரிலேயே குறிப்பிடுவது வழக்கமாயிற்று. மகாராஷ்டிராவின் பட்னேயில் கற்கால மனிதர் அவ்வோட்டில் மணிகள் செய்து வைத்திருந்தனர்.

2017 இல், ஐதராபாத்தைச் சேர்ந்த விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜின் குழுவினர், குறைந்தது 25,000 ஆண்டு பழைமையான ஓட்டிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அது ஆபிரிக்கத் தீக்கோழிக்கே மிக நெருங்கியதாக இருந்தது. 'ஆசியாட்டிகஸ்' என்ற பெயர் சிவாலிக் எலும்புகளுக்கு உரியது. இந்த ஓட்டுக்கு அதைச் சூட்டியதுதான் கேள்விக்குள்ளாயிற்று.

விலங்கியலில் முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. வகைப்பாடு மாறலாம், பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் பெயரை மாற்ற விதி இடந்தராது.

கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கு இவ்விதி புதிதன்று. என் பிறப்பைப் பதிந்த எழுதுவினைஞர் பெயரில் ஓரெழுத்தை விட்டுவிட்டார். தேசிய அடையாள அட்டையிலும் அப்பிழையே ஏறிற்று. பத்திரிகை அட்டையில் மட்டும் அப்பா வைத்த பெயர் இருந்தது. யுத்த காலத்தில் ஓரிரவு, சோதனைச்சாவடியில் இரு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் நீ எவன்?" என்று கேட்டார்கள். விடியும்வரை அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பேர்த்திக்குச் சொல்லவில்லை. பறவைக்குப் பெயர் வந்த கதையை மட்டும் சொன்னேன். "பேர் பிழையெண்டு அதுக்குத் தெரியாதுதானே" என்றாள்.

தெரியாதுதான். ஆனால், அவள் பிறந்தபோது, பிறப்புப் பத்திரத்தை மூன்று தடவை எழுத்தெழுத்தாக வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டுமென்று மகளிடம் வற்புறுத்தியவன் நான்.