கூரத்தில் தை ஹஸ்தம்

காஞ்சீபுரம் செல்பவர்கள் கோயில்களைச் சேவித்துவிட்டு, ஒரு பட்டுப் புடவையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். நாமும் பல தடவை அப்படித்தான் திரும்பியிருக்கிறோம். இந்தத் தடவை தை மாதத்து ஹஸ்த நக்ஷத்திரத்தன்று, நகரத்தை விட்டு ஐந்தாறு மைல் தள்ளி வயல்களின் நடுவே இருக்கும் கூரத்துக்குப் புறப்பட்டோம். ராமாநுஜரின் பிரதம சீடரான கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் அது. அன்று அவருடைய திருநக்ஷத்திரம்.

பஸ்ஸிலேயே திருவிழா தொடங்கிவிட்டது. பூக்கூடைகள், வாழையிலைக் கட்டுகள், தூக்குப் பாத்திரங்கள், இவற்றுக்கு இடையே குழந்தைகள். நம் பக்கத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தறிக்கு அன்று ஓய்வு கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு வந்திருந்தார்.

"கோர்வைப் புடவை ஒருவர் கையால் ஆகிற காரியமில்லை, ஐயா. நான் உடலை நெய்யும்போது அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு கை வேண்டும். பையன் இருந்தான். இப்பொழுது சென்னையில் உத்தியோகம். ஹஸ்தத்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான்" என்றார். பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூரத்தின் வீதிகளில் மாக்கோலம் நிறைந்திருந்தது. வெளியூர்க் கார்கள் தோப்பு ஓரத்தில் வரிசையாக நின்றன. வெகுநாள் கழித்துச் சந்தித்தவர்கள் ஒருவரை ஒருவர் குசலம் விசாரித்தார்கள். எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு எந்த ஊரில் வேலை என்ற சங்கதிகளெல்லாம் பத்தே நிமிஷத்தில் நம் காதுக்கும் வந்துவிட்டன. தண்ணீர்ப் பந்தலில் ஒரு சிறுவன், "ஸ்வாமி, மோர் சாப்பிடுங்கள்" என்று நம்மை மறித்தான். இரண்டாவது டம்ளரும் குடித்த பிறகுதான் வழி விட்டான்.

ஆழ்வான் வீதியில் எழுந்தருளினார். பிரபந்த கோஷ்டியின் குரல் ஓய்ந்த பின், திண்ணை ஒன்றில் ஒரு முதியவர் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொன்னார். ஆழ்வான் பெருஞ் செல்வராம். நாள் முழுதும் அன்னமிட்டு, இரவில் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சியிலே பெருந்தேவித் தாயாரின் செவி வரையில் எட்டியதாம். அதைக் கேள்விப்பட்ட ஆழ்வான், "நம் தர்மத்துக்கு இவ்வளவு ஆரவாரமா!" என்று வெட்கி, சகலத்தையும் துறந்து ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் மனைவி ஆண்டாள், "பயம் உண்டோ?" என்றாள். அவர் உண்ண அவள் எடுத்துவந்த பொன் வட்டிலை வாங்கித் தூர எறிந்தார். "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!" என்று முதியவர் முடித்தபோது, குழந்தைகளோடு நாமும் சிரித்தோம்.

பிற்பகலில் ஊரின் பழைய சிவன் கோயிலைத் தேடிச் சென்றோம். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கி.பி. 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டபோது எழுந்த கற்கோயில் அது. யானையின் பின்புறம்போல் வளைந்த அமைப்புடையது. இவ்வூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடராஜரைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். வீதியின் ஆரவாரம் இங்கே எட்டவில்லை. குருவிகளின் சத்தம்தான் கேட்டது.

இக்கோயிலுக்கு அம்மன்னன் அளித்த செப்பேட்டைக் கூரம் செப்பேடு என்பார்கள். பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்ததை அது கூறுகிறது. பரமேசுவரமங்கலம் என்ற கிராமத்தை 25 பங்காகப் பிரித்த கணக்கையும் கூறுகிறது. 20 பங்கு வேதம் வல்லோருக்கு; 3 பங்கு பூஜைக்கும் கோயில் பராமரிப்புக்கும். மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு. அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு!

தண்ணீர், தீ, கதை. ஜனங்கள் ஓரிடத்தில் கூட இம்மூன்றும் வேண்டும் என்று அன்றே அறிந்திருந்தார்கள். அரசன் போனான், பங்குகளும் போயின. ஆயினும் காலையில் மோர் தந்த சிறுவனையும், மடப்பள்ளி அடுப்பருகே வியர்த்து நின்றவர்களையும், திண்ணையில் கதை சொன்ன முதியவரையும் நினைத்துக்கொண்டோம். செப்பேட்டின் பங்குகளை எந்தச் சாசனமும் இன்றி இவர்கள் செலுத்தி வருகிறார்கள். ஆனால் இவர்களுக்குப் பின் யார்? வருஷத்துக்கு ஒரு நாள் வந்து மோர் குடித்துப் போகும் நம் போன்றவர்களை நம்பி ஒரு திருவிழா நிற்குமா? இந்தக் கேள்வி நம்மையும் சற்றுச் சுட்டது.

மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதே குடும்பத்தைக் கண்டோம். "ராத்திரி வண்டிக்கே புறப்பட வேண்டுமா?" என்று தகப்பனார் கேட்டார். பையன் சற்று யோசித்தான்.

"நாளை ஞாயிற்றுக்கிழமைதானே, அப்பா. காலையில் கரைக்கு நாடா போட்டுவிட்டு மாலையில் போகிறேன்" என்றான்.