மாசியில் காய்ந்த புல்

மரைன் ஹில்லில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்னால் 60 சதுர மீட்டர் அளவில் ஒரு புல்தரை இருக்கிறது. அதைப் பேணப்போய் நான் செய்த ஒரு பிழையை நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். நேற்றுப் பெய்த முதல் மழை அதை நினைவூட்டிவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சனவரி மாதத்தில் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தேன். வீட்டுக்காரப் பெரியவர் தூத்துக்குடியில் மகளோடு இருந்தார். வாடகையைக் குறைத்துக்கொண்ட அவர், தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, வாசல்ல இருக்குற புல்லை மட்டும் வாடவிட்டுறாதீங்க. அது என் வீட்டுக்காரி வச்சது.” அந்த அம்மையார் மறைந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. புல்தரையின் நடுவே அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். படத்தில் புல் மரகதம்போல் இருந்தது.

போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறுவதைப்போல் இருமடங்குக்கும் மேல். இருந்தும் சனவரி முதல் ஏப்ரல் வரை இவ்வூர் தண்ணீருக்குத் தவிக்கும். தீவின் ஓடைகள் குறுகியவை. குன்றில் விழும் நீர் சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடும். நகரம் பெரிதும் நம்பியிருப்பது தானிக்காரி அணையை. அதன் மட்டம் இறங்கும்போது குழாய்நீர் முறைவைத்து வரும். அவ்வாண்டு மாசியில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளுக்கொரு முறை வந்தது. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் பொதுவாக 1,000 லிட்டர் தொட்டி ஒன்றே.

புல் மஞ்சளிக்கத் தொடங்கியதும் எனக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. நாள்தோறும் இருட்டியபின் அரைமணி நேரம் குழாய் பிடித்தேன். பார்க்க அழகாக இருக்கட்டுமென்று புல்லை ஒட்டவும் வெட்டினேன். இரண்டும் தவறு. ஒட்ட வெட்டிய புல்லின் வேர் ஆழம் போகாது. ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. கடற்காற்றின் ஈரம் இரவெல்லாம் படிந்திருக்கும் ஊரில் அந்தியில் நீர் விட்டால் இலை விடியும்வரை உலராது; பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து வேறில்லை. மூன்றாம் வாரத்தில் புல்தரையில் தட்டளவு பழுப்பு வட்டங்கள் தோன்றின. அவற்றையும் வறட்சி என்றே எண்ணி, மேலும் நீர் விட்டேன்.

ஒருநாள் காலையில் மேல்வீட்டு அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். “தம்பி, எங்களுக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குது. உங்களுக்காச்சும் வருதா?” என்றார். குழந்தையின் துணிகள் இரண்டு நாளாகத் துவைக்கப்படாமல் கிடந்தனவாம். என் காலடியில் புல் ஈரமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. பார்த்தும் சொல்லாமல் போனார் என்றே நினைக்கிறேன்.

அன்றுதான் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், 60 சதுர மீட்டருக்கு 300 லிட்டர். மூன்று நாளுக்கு 900 லிட்டர். இரு குடும்பங்களுக்கான தொட்டியில் 100 லிட்டரை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் நான் மண்ணுக்கு ஊற்றியிருந்தேன்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் உண்டு. 1858-இல் இங்கு நிறுவப்பட்ட கைதிகள் குடியிருப்பின் ஆவணங்களே என் ஆய்வுப்பொருள். எங்கள் குன்றிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் ராஸ் தீவு தெரியும். ஆங்கிலேய அதிகாரிகளின் தலைமையிடம் அதுதான். காட்டை வெட்டித் திருத்தியவர்கள் கைதிகள். தேவாலயம், டென்னிஸ் களம், தோட்டங்கள் என அங்கு அமைந்த உல்லாச வாழ்வு அவர்களின் உழைப்பின்மேல் நின்றது. புல்தரை என்னும் ஆசையே ஆண்டு முழுதும் சாரல் தூவும் குளிர்நாட்டிலிருந்து வந்தது. ஒருவர் கண்ணுக்கான பசுமைக்கு வேறொருவர் விலை கொடுப்பதைப் பகலெல்லாம் படித்துக் குறிப்பெடுத்த நான்தான், மாலையில் குழாயைத் திறந்தேன்.

மறுநாள் முதல் குழாயைத் தொடவில்லை. அரிசி, காய்கறி கழுவிய நீரை மட்டும் விடியற்காலையில் ஓர் ஓரமாக ஊற்றினேன். பங்குனியில் புல்தரை முழுதும் வைக்கோல் நிறமாயிற்று. பெரியவரிடமிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. சித்திரையில் அவரே நேரில் வந்து நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, “மன்னிச்சிருங்க ஐயா, அம்மா வச்ச புல்லு...” என்று தொடங்கினேன்.

அவர் பதில் சொல்லாமல் குந்தி அமர்ந்து, காய்ந்த கொடி ஒன்றைக் கணுவோடு கிள்ளினார். உள்ளே இளம்பச்சை. “அறுகுல்ல? உயிர் இருக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “அவ இருந்தப்பவும் மாசி பங்குனியில இப்படித்தான் தம்பி கிடக்கும். குழாய்த் தண்ணிய அவ ஒருநாளும் விட்டதில்ல. நான் அனுப்பின போட்டோ ஆவணியில எடுத்தது. நான்தான் மறந்துபோயிட்டேன்” என்றார். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

வான்சிறப்பில் பசும்புல்லின் தலையை மழைக்குச் சாட்சியாக வள்ளுவர் வைத்ததன் பொருள் அவ்வாண்டு மே மூன்றாம் வாரத்தில் எனக்கு விளங்கியது. மழை தொடங்கிய பத்து நாளில் அறுகு கணுதோறும் துளிர்த்தது. நிழலோரத்தில் இருந்த அகன்ற இலைக் கார்பெட் புல் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, நீர்வேட்கை மிகுந்தது. அந்த இடத்தையும் மெல்ல அறுகே பிடித்துக்கொண்டது. நான் அந்தியில் நீர் விட்டு உண்டாக்கிய வட்டங்கள் மட்டும் அடுத்த மழைக்காலம்வரை வழுக்கையாகவே நின்றன.

தொட்டியின் உட்புறத்தில் இப்போது சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே உள்ள நீர் மேல்வீட்டுக்கு. அக்காவின் குழந்தை இன்று நடக்கிறது. நேற்று மழை நின்றதும், வெறுங்காலோடு புல்லில் இறங்கி நின்று, அது குத்துகிறதென்று சிரித்தது.